கடைமடைக்கு ரத்தம் போகிறதா?

தமிழ்நாட்டில் நாற்பதைக் கடந்தவர்களில் ஒரு முறையாவது கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்க்காதவர்கள் குறைவு. அதே பட்டையைக் கணுக்காலில் கட்டிப் பார்த்ததாகச் சொல்பவர்களோ அதைவிடக் குறைவு. நீரிழிவால் விரலையும் பாதத்தையும் இழப்பவர்களை நினைத்து மாநில அரசே ‘பாதம் பாதுகாப்போம்’ என்றொரு திட்டம் வகுக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டோம். கால் கருத்துப்போவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஊசியோ கத்தியோ சாயமோ இல்லாமல், கால் மணி நேரத்தில் தெரிந்துகொள்ளக்கூடிய ஒரு குறையை நாம் ஏன் தேடுவதே இல்லை?

அந்தக் குறைக்கு மருத்துவர்கள் வைத்திருக்கும் பெயர் புறத் தமனி நோய். மக்கள் மொழியில் ‘காலுக்கு ரத்த ஓட்டம் கம்மி’. இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் படிந்து, வழி குறுகிப்போவதுதான் நோய். இதயத்தில் இதே படிவு வந்தால் மாரடைப்பு, மூளைக்குப் போகும் குழாயில் வந்தால் பக்கவாதம். அந்த இரண்டுக்கும் ஊரே பயப்படுகிறது. காலில் வந்தால் ‘வயசாச்சு’ என்கிறோம்.

ரத்த ஓட்டத்தில் கால் என்பது கடைமடை. மேட்டூரில் தண்ணீர் திறந்தாயிற்று என்ற செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு வேதாரண்யம் பக்கத்து வயல் நனைந்துவிட்டதாக எந்த விவசாயியும் நம்ப மாட்டார். போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேசுவார். உடம்பு விஷயத்தில் நாம் கையை அளந்துவிட்டு, காலும் நன்றாகத்தான் இருக்கும் என்று முடிவுகட்டிவிடுகிறோம்.

எத்தனை பேர்?

உலக அளவில் 2015ஆம் ஆண்டுக் கணக்குப்படி 23 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் வாழ்பவர்கள். பணக்கார நாடுகளின் முதுமை நோய் என்ற பழைய எண்ணத்துக்கு இதில் இடமில்லை.

சென்னையில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். திருமங்கலம், தியாகராய நகர் என்ற இரு குடியிருப்புப் பகுதிகளில் நடந்த சென்னை நகர்ப்புற மக்கள்தொகை ஆய்வின் முடிவு 2000ஆம் ஆண்டில் வெளியானது. நீரிழிவு உள்ளவர்களில் 6.3 சதவிகிதத்தினருக்கும், இல்லாதவர்களில் 2.7 சதவிகிதத்தினருக்கும் காலில் ரத்த ஓட்டக் குறைவு இருந்தது. மேலை நாட்டுக் கணக்குகளைவிட இது குறைவு என்று அப்போது ஆறுதல்பட்டுக்கொள்ள முடிந்தது.

இன்று முடியாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய ஆய்வு 2023இல் வெளியானபோது, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10.1 கோடிப் பேர் என்று தெரியவந்தது. பக்கத்திலிருக்கும் புதுச்சேரியில் பெரியவர்களில் நான்கில் ஒருவருக்குமேல். சென்னை ஆய்வின் அந்தப் பழைய 6.3 சதவிகிதத்தையே இந்த எண்ணிக்கைமீது பொருத்தினாலும் 60 லட்சத்தைத் தாண்டுகிறது. தோராயக் கணக்குதான், ஆனால், நீரிழிவோடு கூடுதலாகப் பல ஆண்டுகள் வாழும் ஒரு தலைமுறை வந்துவிட்ட பிறகு, அசல் இதைவிடக் குறைவாக இருக்கும் என்று நினைக்கக் காரணமில்லை.

பீடி, சிகரெட்டால் வருவது தனிக் கதை. புகைபிடிக்கும் இளைஞர்களின் கை, கால் விரல்களைத் தின்னும் பர்கர் நோயில் கொழுப்புப் படிவு இருக்காது. சிறு ரத்தநாளங்கள் அழன்று அடைத்துக்கொள்ளும். முப்பது வயதில் விரலை இழந்துவிட்டு, கட்டுப் போட்ட காலோடு மருத்துவமனை வாசலில் பீடி பற்றவைப்பவரைப் பார்க்காத அரசு மருத்துவர் இருக்க மாட்டார். புகையை முழுக்க நிறுத்துவதைத் தவிர அந்த நோய்க்கு வேறு மருந்து உருப்படியாக இல்லை.

வலி பொய் சொல்லும்

இந்த நோய்க்கென்று ஓர் அடையாள வலி உண்டு. பஸ் நிறுத்தம் வரை நடந்தால் ஆடுசதை கவ்விப் பிடிக்கும். நின்றால் இரண்டு, மூன்று நிமிடத்தில் விட்டுவிடும். திரும்ப நடந்தால், கிட்டத்தட்ட அதே தூரத்தில் மறுபடி பிடிக்கும். உட்கார வேண்டாம், நின்றாலே போதும் என்பதுதான் இதன் அடையாளம். முதுகெலும்பில் நரம்பு நசுங்கி வரும் வலி அப்படி விடாது. உட்கார்ந்தோ குனிந்தோதான் ஆறும். மூட்டு வலி முதல் அடியிலேயே தெரியும்.

இந்த வலியை மருத்துவ உலகம் முதலில் கவனித்தது மனிதரிடம் அல்ல என்பது சுவாரசியமான செய்தி. 1831இல் பூலே என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர், வண்டியிழுக்கும் குதிரை ஒன்று சற்று ஓடியதும் நொண்டுவதையும் ஓய்வெடுத்ததும் சரியாவதையும் விவரித்து எழுதினார். அதன் காலுக்குப் போகும் தமனி அடைத்திருந்தது. சார்கோ என்ற புகழ்பெற்ற மருத்துவர் அதையே மனிதரிடம் அடையாளம் கண்டு எழுதியது 1858இல். குதிரை நின்றால் வண்டிக்காரனுக்குக் காசு போகும். அதனால் உடனே கவனித்திருப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலானவர்களுக்கு இந்த அடையாள வலி வருவதே இல்லை. அமெரிக்காவில் 350 மருத்துவகங்களில் ஏறத்தாழ 7,000 பேரைப் பரிசோதித்து 2001இல் வெளியான ‘பார்ட்னர்ஸ்’ ஆய்வில், நோய் இருந்தவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கே இந்த வலியைச் சொன்னார்கள். நம் ஊரில் இதற்கு இன்னும் இரண்டு காரணங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். நீரிழிவு நரம்பையும் மரத்துப்போக வைப்பதால், ரத்தம் வராமல் தவிக்கும் தசையின் வலி மேலே எட்டுவதில்லை. அடுத்தது, வலி வரும் அளவுக்கு நடக்காதவர்கள். அடுப்படிக்கும் திண்ணைக்கும் இடையே நாளைக் கழிக்கும் அறுபத்தைந்து வயது அம்மாவுக்கு ஆடுசதை பிடிப்பதற்கு வாய்ப்பே இல்லை. அவருக்கு முதல் அறிகுறி, செருப்பு கடித்த இடத்தில் வந்து ஆறாமல் நிற்கும் புண்.

அந்த ஆய்விலிருந்த இன்னொரு கணக்கு மருத்துவர்களுக்கானது. நோய் இருப்பது ஏற்கெனவே கண்டறியப்பட்டவர்களில் 83 சதவிகிதத்தினர் அதைத் தெரிந்துவைத்திருந்தார்கள். அவர்களுடைய மருத்துவர்களில் அதை அறிந்திருந்தவர்கள் 49 சதவிகிதம்தான்.

தெரியாமல் போவதன் விலை காலோடு முடிவதில்லை. கணுக்கால் அழுத்தம் குறைந்தவர்களுக்கு அடுத்த பத்தாண்டுகளில் இறப்பும் மாரடைப்பும் நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று, 16 நீண்டகால ஆய்வுகளைத் தொகுத்து 2008இல் காட்டினார்கள். கால் குழாயில் அடைப்பு இருப்பவருக்கு இதயத்திலும் இருக்க வாய்ப்பு அதிகம் என்பதே விஷயம். காலை இழந்த பிறகு வீட்டில் என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியும். கொத்தனார், ஓட்டுநர், தெருவில் கூவி விற்பவர் என்று காலை நம்பிப் பிழைப்பவரின் வருமானம் அன்றே நிற்கும். கவனித்துக்கொள்ள மனைவியோ மகளோ வேலையை விடுவார்கள். மிச்சமிருக்கும் ஒற்றைக் கால்மீது இரட்டைப் பாரம் ஏறி, அதுவும் புண்ணாகும்.

கால் மணி நேரச் சோதனை

முதல் சோதனைக்குக் கருவியே வேண்டாம். செருப்பைக் கழற்றச் சொல்லி, பாதத்தின் மேற்புறத்திலும் கணுக்காலின் உட்பக்கத்து எலும்புக்குப் பின்னாலும் விரல் வைத்து நாடி பார்ப்பது. சில்லென்று இருக்கிறதா, முடி உதிர்ந்து தோல் மினுமினுக்கிறதா, விரலிடுக்கில் வெடிப்போ புண்ணோ இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு நிமிடம். புறநோயாளிப் பிரிவில் ஒரு காலைப் பொழுதில் நூறு, நூற்றைம்பது பேரைப் பார்க்கும் மருத்துவரால் இந்த இரண்டு நிமிடத்தைத் தர முடிவதில்லை; அவரைக் குறைசொல்லி என்ன பயன்? ஆனால், நேரமும் நாற்காலியும் இருக்கிற தனியார் மருத்துவகங்களிலும் நோயாளியின் செருப்பு கழற்றப்படாமலேயே ஆலோசனை முடிந்துவிடுகிறது. அதற்குச் சாக்கு இல்லை.

விரல் தப்பு செய்யும். சிலருக்குப் பாதத்தின் மேல்நாடி பிறவியிலேயே தொட்டுணர முடியாதபடி இருக்கும்; சோதிப்பவர் தன் விரல் நாடியையே நோயாளியுடையது என்று எண்ணிவிடுவதும் உண்டு. அதனால்தான் அடுத்த படி: கணுக்கால்-கை அழுத்த விகிதம்.

பெயர்தான் நீளம், வேலை எளிது. நோயாளி ஐந்து, பத்து நிமிடம் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். இரு கைகளிலும் இரு கணுக்கால்களுக்கு மேலும் ரத்த அழுத்தப் பட்டையை மாற்றி மாற்றிக் கட்டுவார்கள். ஸ்டெதஸ்கோப்புக்குப் பதில், பேனா அளவு முனை கொண்ட கையடக்க டாப்ளர் கருவியைக் களிம்பு தடவி நாடிமேல் வைத்தால், ரத்தம் ஓடும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்கும். பட்டையில் காற்றேற்றச் சத்தம் நிற்கும். மெல்ல இறக்கும்போது எந்த எண்ணில் சத்தம் திரும்புகிறதோ அதைக் குறித்துக்கொள்வார்கள். கணுக்காலில் கிடைத்த எண்ணைக் கையில் கிடைத்த எண்ணால் வகுத்தால் விடை.

படுத்திருக்கும் நல்ல உடம்பில் கணுக்கால் அழுத்தம் கையைவிடச் சற்று அதிகமாகவே இருக்கும். ஆகவே, விடை 1.00 முதல் 1.40 வரை இருந்தால் நன்று. 0.90 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் அடைப்பு இருக்கிறது. 0.40க்கும் கீழ் என்றால் கால் ஆபத்தில் இருக்கிறது. கையில் 140, கணுக்காலில் 105 என்று வைத்துக்கொள்ளுங்கள்: 0.75. அவர் அதுவரை ‘முட்டி வலி’க்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கலாம்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அடைப்பு உள்ளவர்களின் கணுக்கால் அழுத்தம் கையைவிடக் குறைவதை விண்சர் என்பவர் 1950இல் எழுதினார். லண்டனில் யாவோவும் அவருடைய சகாக்களும் 1969இல் அதை இன்றுள்ள விகித வடிவத்தில் நிலைநிறுத்தினார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பாடப்புத்தகத்தில் இருப்பதை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுவருவதில்தான் நமக்குச் சுணக்கம்.

இத்தனைக்கும் டாப்ளர் சத்தம் நம் செவிலியர்களுக்குப் பழகிய ஒன்று. கர்ப்பிணியின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்பதும் டாப்ளர்தான். கால் நாடிக்கு அந்த முனை பொருந்தாது. தோலுக்கு அருகிலிருக்கும் சிறு குழாய்களைக் கேட்க 8 மெகாஹெர்ட்ஸ் முனை வேண்டும். முனையை மட்டும் மாற்றிக்கொள்ளும் மாதிரிகளும் சந்தையில் உண்டு. குழந்தையின் துடிப்பைத் தேடிப் பிடிக்கத் தெரிந்த கைக்குக் கணுக்கால் நாடியைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது கடினமில்லை.

எண் ஏமாற்றும் இடம்

எந்தச் சோதனைக்கும் ஒரு குருட்டுப் பகுதி உண்டு. இந்தச் சோதனைக்கு அது, நமக்கு மிகவும் தேவைப்படுகிறவர்களிடமே இருக்கிறது என்பதுதான் சோகம். நீண்ட கால நீரிழிவு, சிறுநீரகச் செயலிழப்பு, முதிர்ந்த வயது ஆகியவற்றில் தமனியின் நடுச்சுவரில் சுண்ணாம்பு ஏறிக் குழாய் விறைத்துவிடும். பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் குழாய் அமுங்காது. விடை 1.40க்கு மேல் போகும். அல்லது இன்னும் மோசமாக, உள்ளே அடைப்பு இருந்தும் ‘நார்மல்’ என்று காட்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனவர் ஆறு மாதத்தில் கருத்த விரலோடு வரக்கூடும்.

மாற்று இருக்கிறது. சுண்ணாம்பு பெரும்பாலும் விரல்களின் சிறு குழாய்களை விட்டுவைக்கும். ஆகவே, கால் பெருவிரலில் குட்டிப் பட்டை கட்டி, ஒளியால் ரத்தத் துடிப்பை உணரும் சிறு கருவியால் அழுத்தம் பார்க்கலாம். விரல் அழுத்தம் கை அழுத்தத்தில் பத்தில் ஏழு பங்குக்குக் குறைந்தால் நோய். 30 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் புண் தானாக ஆறுவது கடினம். டாப்ளரின் சத்தத்தையே கூர்ந்து கேட்பதும் உதவும். ஆரோக்கியமான குழாயில் ஒரு துடிப்புக்குள் இரண்டு, மூன்று தனித்தனி ஒலிகள் கேட்கும். அடைப்புக்குக் கீழே ஒற்றையான, மந்தமான இரைச்சல் மட்டும். எண் சரியாக இருந்தும் சத்தம் மந்தமாக இருந்தால் சத்தத்தை நம்புங்கள் என்பேன்.

நடந்தால் மட்டும் வலி, படுத்தால் விகிதம் சரி என்பவர்களை நடக்கவிட்டு உடனே மறுபடி அளக்க வேண்டும். வண்ண டாப்ளர் ஸ்கேன் அடைப்பு எங்கே, எவ்வளவு என்று காட்டும். அது ரத்தநாளப் படம் பார்க்கப் பழகிய ரேடியாலஜிஸ்ட்டின் வேலை. சாயம் செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோகிராம் சிகிச்சைக்குத் திட்டமிடும் கட்டத்துக்கானது. சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்தச் சாயம் தீங்கு செய்யக்கூடும் என்பதால், எடுத்த எடுப்பில் அதைக் கேட்பவரிடம் ஏன் என்று கேளுங்கள்.

பொத்தானை அழுத்தினால் தானாக அளக்கும் மின்னணுக் கருவிகள் வசதியானவை. ஆனால், அழுத்தம் மிகவும் குறைந்த காலில் அவை தடுமாறும். சில சமயம் எண்ணே காட்டாது. ‘எரர்’ என்று வந்தால் கருவியின் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. காலின் கோளாறாக இருக்கலாம்.

இவையெல்லாம் மெதுவாக வளரும் நோய்க்கானவை. நேற்று வரை நன்றாக இருந்த கால் திடீரென்று சில்லிட்டு, வெளுத்து, தாங்க முடியாமல் வலித்தால் அது அவசரம். 108ஐ அழைத்து, ரத்தநாள அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு அன்றே, ஆறு மணி நேரத்துக்குள் போய்ச் சேர வேண்டும். வெந்நீர் ஒத்தடமும் எண்ணெய்த் தேய்ப்பும் அந்த நேரத்தை விழுங்கிவிடும்.

எல்லோருக்கும் வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கருத்து. இதைச் சொல்லாமல் பரிசோதனையை மட்டும் புகழ்வது நேர்மையாகாது.

அமெரிக்காவின் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2018இல் இந்த விகிதச் சோதனையை ஆராய்ந்து, அறிகுறி இல்லாத பொதுமக்கள் அனைவருக்கும் இதைச் செய்வதால் நன்மையா தீமையா என்று சொல்லப் போதுமான சான்று இல்லை என்றது. ஸ்காட்லாந்தில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்று, நீரிழிவோடு விகிதமும் குறைந்து, ஆனால் அறிகுறி இல்லாதவர்களுக்கு ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்தது, பலன் தெரியவில்லை. மறுபக்கம், டென்மார்க்கில் 65 முதல் 74 வயது வரையிலான ஏறத்தாழ 50,000 ஆண்களை வைத்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், கால் தமனி, வயிற்றுப் பெருந்தமனி, ரத்த அழுத்தம் மூன்றையும் சேர்த்துச் சோதித்தபோது ஐந்தாண்டு இறப்பு 7 சதவிகிதம் குறைந்தது. வயதும் ஆபத்தும் கூடியவர்களிடம், மற்ற சோதனைகளோடு சேர்த்து, பின்தொடரும் சிகிச்சையோடு செய்தால் பலன் உண்டு என்று இதை நான் படிக்கிறேன்.

இன்னொரு ஆபத்தைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை. வலியே இல்லாதவருக்கு எண் குறைந்திருக்கிறது என்று பயமுறுத்தி, கால் குழாயில் பலூனும் ஸ்டென்டும் வைக்கும் வியாபாரம். அமெரிக்காவில் இப்படித் தேவையற்ற கால் ரத்தநாளச் சிகிச்சைகள் பெருகி, சிலர் கால் இழந்ததை ‘நியூயார்க் டைம்ஸ்’ 2023இல் விரிவாக அம்பலப்படுத்தியது. இதய ஸ்டென்டில் நாம் கண்ட கதை காலுக்கு இறங்க அதிக நாள் ஆகாது. அறிகுறியற்ற ஒருவருக்கு விகிதம் குறைந்தால் அவருக்குத் தேவை கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை, புகை நிறுத்தம், சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கட்டுக்குள், பாதப் பராமரிப்பு, நடை. கத்தரிக்கோல் வெகு தொலைவில் இருக்க வேண்டும்.

நடை என்பது இங்கே அறிவுரை அல்ல, சிகிச்சை. புண் இல்லாத காலில், வலி வரும் வரை நடந்து, நின்று, விட்டதும் மறுபடி நடந்து, ஒரு முறைக்கு 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று முறை, மூன்று மாதமாவது செய்தால், வலியின்றி நடக்கும் தூரம் கணிசமாகக் கூடும். ‘வலிக்குது, அதனால நடக்கல’ என்று உட்கார்ந்துவிடுபவரிடம் இதை யாராவது ஆற அமரச் சொல்ல வேண்டும்.

மருந்து நிறுவனங்களின் உதவியோடு மருத்துவகங்களிலும் மருந்துக் கடைகளிலும் நடக்கும் இலவசக் கால் பரிசோதனை முகாம்கள் பற்றியும் இதே ஐயம்தான். ஒரு நாள் கருவி வரும், மறுநாள் போய்விடும். கையில் ஒரு தாள் மிஞ்சும். குறைந்த எண்ணோடு அடுத்து யாரிடம் போவது என்பது அந்தத் தாளில் இருக்காது. ஒரு மாத்திரையின் பெயர் இருக்கும்.

என்ன செய்யலாம்?

நம்மிடம் இல்லாததை உருவாக்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ரத்த அழுத்தக் கருவியோடும் சர்க்கரை பார்க்கும் கருவியோடும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீட்டுக்கே வருகிறார்கள். மாத்திரை கொடுக்கும் அந்த நேரத்தில் மூன்று கேள்விகள் கேட்கட்டும்: ‘அம்மா, எவ்வளவு தூரம் நடந்தா கால் பிடிக்குது? நின்னா விட்டுடுதா? பாதத்துல ஆறாத புண் இருக்கா, காட்டுங்க.’ கேட்கும்போதே செருப்பைக் கழற்றச் சொல்லிக் குனிந்து பார்க்க வேண்டும். இதற்காக அவர்களுடைய ஊக்கத்தொகையை உயர்த்துவதும் நியாயம். வேலையை மட்டும் கூட்டிக்கொண்டே போக முடியாது.

கணுக்கால் அழுத்தம் பார்ப்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொற்றாநோய்ப் பிரிவுச் செவிலியரிடம் விட வேண்டும். யாருக்கு என்பதில் கறாராக இருக்கலாம்: 65 வயதைக் கடந்தவர்கள், 50 வயதைக் கடந்து நீரிழிவோ புகைப்பழக்கமோ உள்ளவர்கள், பத்தாண்டுக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள், கண்ணோ சிறுநீரகமோ பாதிக்கப்பட்டவர்கள், காலில் புண்ணோ வலியோ உள்ள எவரும். ஒரு நிலையத்தில் வாரத்துக்கு ஒரு மதியம் ஒதுக்கித் தொடங்கலாம்.

விரல் அழுத்தக் கருவி ஒவ்வொரு நிலையத்துக்கும் தேவையில்லை. அரசு வட்ட மருத்துவமனையில் ஒன்று இருந்தால் போதும். 0.90 அல்லது அதற்குக் கீழேயோ, 1.40க்கு மேலேயோ வந்தவர்களும், நாடி தெரியாமல் புண்ணோடு வந்தவர்களும் அங்கே போக வேண்டும். புண்ணோடு வந்தவர்கள் ஒரு வாரம் காத்திருக்கக் கூடாது. அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநாள அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை இயங்குகிறது. தென்மாவட்டத்துக் கூலித் தொழிலாளி ஒருவர் ஆறாத புண்ணோடு இரவுப் பேருந்து ஏறி அங்கே வரத் தேவையில்லாதபடி, மண்டலத்துக்கு ஒன்றாவது முழு வசதியோடு இயங்க வேண்டும்.

பாதப் பராமரிப்பில் நமக்குச் சொந்த மரபே உண்டு என்பதை மறந்துவிட்டோம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1946 முதல் பணியாற்றிய பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழுகுவதற்குக் காரணம், உணர்ச்சியற்ற பாதத்தில் தெரியாமலே விழும் காயமும் அழுத்தமும்தான் என்று காட்டினார். வேலூரிலும் கரிகிரியிலும் அப்படிப்பட்ட பாதங்களுக்காக உருவான மெத்தென்ற நுண்துளை ரப்பர் செருப்பைத்தான் இன்று ‘எம்.சி.ஆர். செருப்பு’ என்று நீரிழிவு நோயாளிகளுக்கு எழுதிக்கொடுக்கிறார்கள். உணர்ச்சி போன கால் என்று தெரிந்ததுமே அதை இலவசமாக, அளவெடுத்துக் கொடுப்பது, பிறகு ஒரு விரலை எடுக்கும் அறுவை சிகிச்சையைவிட மலிவு.

கோயில்களும் கொஞ்சம் உதவலாம். சித்திரை வெயிலில் கருங்கல் பிராகாரத்தில் மரத்த பாதத்தோடு நடந்து கொப்புளம் வாங்கி வருபவர்கள், திருவண்ணாமலையில் வெறுங்காலோடு 14 கிலோமீட்டர் கிரிவலம் போய்க் கல் குத்தியது தெரியாமல் திரும்புபவர்கள், பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள். ‘நீரிழிவு உள்ளவர்கள் காலுறை அணிந்து வரலாம்’ என்று வாசலில் ஒரு பலகை வைத்தால் எந்த ஆகமமும் கெட்டுவிடாது என்றே நினைக்கிறேன்.

கடைசியாக ஒரு பதிவேடு. இங்கிலாந்தில் 2014 முதல் நீரிழிவுப் பாதப் பராமரிப்புக்கென்று தேசியத் தணிக்கை நடக்கிறது. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு எத்தனை கால்கள் எடுக்கப்படுகின்றன என்பது மாவட்டவாரியாகப் பொதுவெளியில் வர வேண்டும். அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டுமே கணக்குக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பதிவிலும் நான்கு கட்டங்கள் போதும்: புண் வந்து எத்தனை நாள் கழித்து முதல் மருத்துவரைப் பார்த்தார், அறுவைக்கு முந்தைய ஓராண்டில் கணுக்கால் அழுத்தமோ விரல் அழுத்தமோ அளக்கப்பட்டதா, அளந்திருந்தால் எண் என்ன, ரத்தநாள நிபுணர் ஒருவர் காலைப் பார்த்தாரா. முதல் ஆண்டில் பெரும்பாலான கட்டங்கள் காலியாகவே வரும். எந்த மாவட்டத்தில் அதிகம் காலியாக இருக்கிறதோ, டாப்ளர் கருவியும் பயிற்சியும் முதலில் அங்கே போகட்டும்.